ஒரே பக்கத்துச் சொற்கள்

மகனே,

நலம், நலமறிய அவா என்று இந்தத் தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கை இது. உனக்கு எழுத உட்கார்ந்தால் அந்த வரி மட்டும் வர மறுக்கிறது. நான் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்; ஈப்போவில் பெரிய கிராணி வீட்டு மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு என்ன குறை வந்துவிடும்? ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் லயத்து வரிசை வீட்டு ஜனங்களைக் கூட்டி வைத்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டுத்தான் உனக்கு அனுப்புவேன். இருபது வருஷமாகத் தோட்டத்துத் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து காஜா டவுனுக்கு நடக்கிறவன் நான். அடுத்தவர் கடிதம் ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை. என் கடிதத்தை எல்லாரும் பார்க்கட்டும், அதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டிய இடம் வேறே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கல்யாணக் கடிதம் வந்தது. தடித்த தாள், பொன் ஓரம், எல்லாம் இங்கிலீஷ். அதோடு நீ தனியாக வைத்திருந்த துண்டுத் தாளும் வந்தது. தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி, பெரிய இடம், அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்குக் கீழே, தாய்மாமன் முறை செய்யப் பெண் வீட்டாரே ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று இருந்தது. அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். தாய்மாமன் என்ன பந்தல் கழியா, வேண்டிய நாளுக்கு மட்டும் எங்கிருந்தாவது கொண்டுவந்து நட? உனக்குத் தாய்மாமன் இல்லையா? இருக்கிறான். அவன் பெயரைத்தான் நீ எழுதாமல் விட்டிருக்கிறாய்.

சன்னாசி யார் என்பது உனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் புது ஆட்களுக்காகச் சொல்கிறேன். நானும் உன் அம்மாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது நீ அவள் வயிற்றில் இருந்தாய். கப்பல் தளத்தில் படுக்க இடம் இல்லாமல் அவள் வாந்தி எடுத்துக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, “தங்கச்சி, நீ இங்க படு” என்றான். அவன்தான் சன்னாசி. பினாங்குக்கு வெளியே தீவுக் கொட்டகையில் நோய்க்குப் பயந்து எங்களை ஒதுக்கி வைத்திருந்த நாட்களில் அவன் வாங்கி வந்த கஞ்சியில் முதல் தகரக் குவளை அவளுக்குத்தான். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் எனக்கு அவன் மச்சான் ஆனான். ஒரே கப்பலில் வந்தவர்களுக்குள் இந்த நாட்டில் அப்படித்தான் உறவு முளைத்தது. சாதி சனம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. உனக்கு ஆறு வயதில் உன் அம்மா காய்ச்சலில் போனாள். அதற்குப் பிறகு நான் தபால் பையோடு நடக்கிற நேரமெல்லாம் நீ சன்னாசி வீட்டில்தான் சாப்பிட்டாய். அவன் மகள் செல்லம்மா பிறந்தபோது தொட்டிலை ஆட்டியவன் நீ.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். ஈப்போவில் ஒரு ராவுத்தர் கடையில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்தது. மூன்று பத்தியாக அச்சடித்தது. முதலில் இங்கிலீஷ் சொல், அடுத்து அதைச் சொல்லும் விதம் தமிழ் எழுத்தில், மூன்றாவதாகப் பொருள். முன்பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. டி என்ற எழுத்தில்தான் தொடங்கும். அதனால் நம் வீட்டு இங்கிலீஷுக்கு ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. தலை இல்லாத முண்டமாகத்தான் அது வீட்டுக்குள் வந்தது. நீ பத்து காஜா இங்கிலீஷ் பள்ளிக்கூடம் விட்டு என்னோடு திரும்பி நடக்கும்போது, நான் நடுப்பத்தியைப் படிப்பேன், நீ பொருள் சொல்வாய். பிறகு நீ சொல்லைச் சொல்வாய், நான் பொருள் சொல்வேன். செம்மண் பாதை முடிந்து ரப்பர் தரும் கித்தா மரங்களுக்குள் நுழைவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கடைசி வரை சரியாகக் கூடவில்லை. சொற்கள் கூடின. அதை நீ மறந்திருக்க முடியாது.

டிஸ் என்று தொடங்கும் சொற்களே நாலு பக்கம் இருந்தன. டிஸ்டன்ஸ், தூரம். டிஸ்கவர், கண்டுபிடி. டிஸைப்பிள், சீடன். டிஸ்மிஸ், வேலையிலிருந்து நீக்கு. டிஷ், தட்டு. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதல் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவே, இவையெல்லாம் ஒரு குடும்பம்தானே என்று நான் கேட்டேன். உன் வாத்தியார் சொன்னதாக நீ ஒரு விளக்கம் கொண்டுவந்தாய்: டிஸ் என்பது முன்னால் வந்து உட்கார்ந்தால் நல்ல சொல்லும் தலைகீழாகிவிடும். ஆனர் என்றால் மரியாதை, டிஸானர் மானக்கேடு. ஒபே என்றால் சொன்னதைக் கேள், டிஸொபே சொல் கேளாதிரு. ஈஸ் என்றால் சுகம், டிஸீஸ் நோய். நான் விடவில்லை. அப்படியானால் டிஷ் என்பது சோறு இல்லாத தட்டா என்றேன். நீ பாதையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். டிஸ்டன்ஸுக்குள் என்ன தலைகீழ் இருக்கிறது என்று கேட்டதற்கு உன் வாத்தியாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: இவை ரத்த உறவு இல்லை, கப்பல் உறவு. ஒரே கப்பலில் ஏறியதால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். அதற்கு நீ, கப்பல் உறவுதானேப்பா பெரிசு என்றாய். அந்தப் பதிலை நான் போகிற வருகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

என் தவறுகளையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் ஒரு பக்கத் தராசாகிவிடும். லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். அப்படி ஒருத்திக்கு அவள் தாயார் இறந்துபோன செய்தி வந்தது. பிள்ளை பெற்று அவளுக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, அம்மா சௌக்கியம், பேரப்பிள்ளையைக் கேட்டார்கள் என்று வாய் கூசாமல் படித்தேன். நீ என் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தமிழ் படிக்க வந்துவிட்டிருந்தது. வெளியே வந்ததும் ஏன் மாற்றிப் படித்தீர்கள் என்று கேட்டாய். சில நேரம் சொல்லை மாற்றினால் பாவம் இல்லை என்று சொன்னேன். மூன்று மாதம் கழித்து அவளிடம் உண்மையைச் சொல்லி, அவள் என்னைத் திட்டித் தீர்த்ததை நீ பார்க்கவில்லை. பாதிப் பாடம்தான் உனக்குக் கிடைத்தது. அதற்குப் பொறுப்பு நான்தான்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. கித்தா விலை விழுந்த காலம் அது. துரை ஆட்களைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். நீ நம் தோட்டத்து ஆபீசிலேயே கணக்கு எழுதுகிற சின்னக் கிராணியாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செல்லம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். சன்னாசி விடிகாலைப் பெரட்டில், பெயர் கூப்பிடுகிற நேரத்திலேயே, உன்னிடம் வந்து பிள்ளைக்கு முடியவில்லை, நான் வேலைக்கு வர முடியாது, துரையிடம் சொல்லி மருந்து கொடுக்கிற டிரெசரை அனுப்பு தம்பி என்று சொன்னான். சரி மாமா என்றாய். அன்று உனக்கு ஈப்போவில் பந்தாட்டம் பார்க்கப் போகிற அவசரம். மறந்துபோனாய். மறுநாளும் சொல்லவில்லை, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்பாரே என்ற பயம். ஐந்தாம் நாள் சன்னாசி வேலைக்கு வந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் நின்றவன், உத்தரவை மீறியவன் என்று துரை அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மகள் தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டாள், அது வேறு.

அந்த வாரமே, கூலிகளின் குறை கேட்கிற சர்க்கார் லேபர் துரை தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவரிடம் முறையிடலாம் என்று சன்னாசிக்குச் சொன்னவன் நான். லயத்தில் சிலர், பத்து காஜாவிலிருந்து இங்கிலீஷ் தெரிந்த வெளியாள் ஒருவனைத் துபாஷியாகக் கூட்டி வரலாம், தோட்டத்து ஆபீஸ் ஆள் வேண்டாம் என்றார்கள். நான் குறுக்கே விழுந்தேன். “நம்ம புள்ள இருக்கையில வெளியாள் எதுக்குலா? நம்ம கஷ்டம் நம்ம புள்ளைக்குத்தான் தெரியும்” என்றேன். சன்னாசியும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினான். நம் ஜனங்களுக்கு உள்ள குருட்டு நம்பிக்கை இது. இங்கிலீஷ் படித்த பையன் நம் பக்கம்தான் நிற்பான், நாம் பட்ட பாட்டுக்கெல்லாம் அவன் வாயால் பேசுவான் என்று நினைக்கிறோம். அவன் இப்போது யாரிடம் சம்பளம் வாங்குகிறான் என்பதை யோசிப்பதில்லை. நானே யோசிக்கவில்லை, மற்றவர்களை என்ன சொல்ல?

அன்று காலை ஆபீஸ் வாசலில் நான் தபால் பைக்கு முத்திரை வைக்கக் காத்து நின்றேன். லேபர் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நம் துரை தூணில் சாய்ந்து நின்றார், இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது, நடுவே நீ. சன்னாசி தலைத்துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். நாலு நாள் ஏன் வரவில்லை என்று அவர் உன் மூலமாகக் கேட்டார். “எம்மவளுக்குக் காய்ச்சல், தொரே. மொத நாளே பெரட்டுல தம்பிகிட்ட சொன்னேன், டிரெசர அனுப்பச் சொன்னேன். தம்பிக்கு எல்லாம் தெரியும்” என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் உன்னைப் பார்த்துச் சிரித்தான். இனிமேல் பயமில்லை என்கிற சிரிப்பு அது.

நீ இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாய். நான் காதைத் தீட்டிக்கொண்டேன், பெருமையில்தான். காய்ச்சலுக்கு உள்ள சொல் வரும் என்று காத்திருந்தேன். டிஸீஸ் வரும், நான் உள்ளுக்குள் அதன் பொருளைச் சொல்லிக்கொள்ளலாம் என்று சின்னப் பிள்ளை போலக் காத்திருந்தேன். அது வரவில்லை. காய்ச்சல் என்பதற்கு இந்தத் தோட்டத்தில் புழங்குகிற எந்த இங்கிலீஷ் சொல்லும் வரவில்லை. டிஸொபே என்று சொன்னாய். லேபர் துரை புருவத்தைத் தூக்கி மறுபடி ஏதோ கேட்டார். எஸ் சார், டிஸொபே என்றாய் இரண்டாம் தடவையும். இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன, மகனே. நடந்துகொண்டே நானும் நீயும் மாறி மாறிப் படித்த பக்கம். அதில் ஒன்றைச் சொன்னால் உனக்கு ஒரு நாள் திட்டு விழுந்திருக்கும். மற்றதைச் சொன்னதால் ஒரு மனுஷனின் பெயர் போயிற்று. நீ எதைச் சொன்னாய் என்பது சன்னாசிக்குத் தெரியாது; அவன் இன்னமும் சிரித்த முகமாகத்தான் நின்றான்.

அப்போது நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். எத்தனையோ இரக்கமில்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தப் பார்வையை என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்பது உனக்குத் தெரிந்தது. அந்த வாசலில் வேறு எவனுக்கும் அது புரியாது, அப்பாவுக்கு மட்டும் புரியும், அப்பா பேச மாட்டார் என்று நீ முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தாய். சன்னாசிக்கு நீ செய்தது துரோகம். எனக்கு நீ செய்தது அதைவிடக் கொஞ்சம் ஆழமானது. என் பாசத்தை எடுத்து என் வாயை அடைத்தாய். நானும் நீ நினைத்தபடியே நடந்தேன். டிஸீஸ் சார் என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும். அது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு தபால் பையைத் தூக்கித் தோளில் போட்டேன். வேலி பயிரை மேய்ந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் திரும்பி வந்து உன்னிடம் கேட்டேன். பந்தாட்டத்தையும் மறந்ததையும் துரைக்குப் பயந்ததையும் அப்போதுதான் சொன்னாய். நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நிதானமாகப் பேசினாய். “நீங்க மாத்திப் படிக்கலையாப்பா? அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, பாவமில்லைன்னு” என்றாய். அது அவளைக் காப்பாற்ற, இது உன்னைக் காப்பாற்ற என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உனக்குச் சோற்றுத் தட்டை எடுத்து வைத்தேன். நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்து நீ சாப்பிட உட்கார்ந்தாய்.

வேலையை விட்டுப் போகிறவனுக்குத் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார் அல்லவா, அதில் சன்னாசி சொல் கேளாதவன் என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தவனும் நீதான். உன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், ஊரே சொல்லும். மறுநாள் அவர்கள் லயத்தைக் காலி செய்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், போர்வைக்குள் செல்லம்மா. தெலுக் ஆன்சன் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்றான். மாட்டு வண்டி வரைக்கும் போய் வழியனுப்பினேன். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இந்த ஐந்து வருஷமும் உனக்கு ஏற்றம்தான்: நம் தோட்டத்தில் இரண்டாம் கிராணி, பிறகு ஈப்போ, இப்போது இந்தச் சம்பந்தம். நீ அனுப்பிய வேட்டியை நானும் கட்டினேன், நீ கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு தபாலுக்குப் போனேன். யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லபடியாகவே சொன்னேன். அதனால் நான் சுத்தம், நீ அழுக்கு என்று எழுத வரவில்லை.

உன் துண்டுத் தாளைப் படித்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. கப்பல் உறவுக்குக் கல்யாணச் செய்தியை ஆள்விட்டுச் சொல்லக்கூடாது, தாம்பூலத்தோடு நேரில் போக வேண்டும். நீ வேண்டாம் என்றாலும் அது என் முறை. பத்து காஜாவில் ரயில் ஏறி, தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வேறு ரயில் மாறி, தெலுக் ஆன்சன் போய்ச் சேர்ந்தேன். தோட்டம் தோட்டமாக விசாரித்தால் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். கடைசியில் ஆற்றுத் துறையில் மூட்டை இறக்குகிற ஆட்களுக்கு நடுவே கண்டுபிடித்தேன். முதுகு வளைந்திருந்தது. அந்தச் சீட்டைப் பார்த்த எந்தத் தோட்டத்திலும் அவனைப் பேரில் சேர்க்கவில்லை. கித்தாப் பால் வெட்டுகிற கையில் அவனுக்கு நிகர் நம் தோட்டத்தில் கிடையாது என்பது வேலை வாங்குகிற மண்டோருக்கே தெரியும். அந்தக் கையால் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான்.

என்னைக் கண்டதும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டான். வீட்டுக்குக் கூட்டிப் போனான். தகரம் அடித்த ஒற்றை அறை. செல்லம்மா என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள், தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். நான் தாம்பூலத்தை நீட்டியதும் அவன் பெட்டியைத் திறந்து ஒரு பட்டுக்கரை வேட்டியை எடுத்தான். உன் கல்யாணப் பேச்சு எப்படியோ அவன் காதுக்கு எட்டி, போன தீபாவளிக்கே எடுத்து வைத்திருக்கிறான். “தாய்மாமன் மொறை நான்தான செய்யணும், மச்சான். தங்கச்சி இருந்திருந்தா என்னைத்தான கூப்பிட்டிருக்கும்” என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒருவேளை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்திருப்பேன். அவன் மேலே பேசினான். “அன்னைக்கு எனக்காகத் தம்பி அந்தத் தொரகிட்ட ரெண்டு தடவ பேசுச்சே, நான் மறக்கலை. கேக்காதது தொரையோட குத்தம். புள்ள என்ன செய்யும்?” என்றான்.

அந்த ஐந்து வருஷமும் அவன் உனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், மகனே. டிஸொபே என்று நீ இரண்டு தடவை சொன்னதை, தனக்காக இரண்டு தடவை மன்றாடியதாக நினைத்துக்கொண்டு, மூட்டை தூக்கிய கூலியில் உனக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறான். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ என்ன சொன்னாய், அதற்கு என்ன பொருள், ஏன் சொன்னாய், பந்தாட்டம், பெரட்டு, சீட்டில் இருப்பது யார் கையெழுத்து, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே வேட்டியை மடித்தான். மடிப்புச் சரியாக வரவில்லை, பிரித்து மறுபடி மடித்தான். உன்னைத் திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை. “நீயும் அங்கதான மச்சான் நின்ன” என்றான்.  தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது, நானும் குடிக்கவில்லை.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நீ செய்ததற்காக உன்னை வெறுத்துக்கொண்டே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். உன்னை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது. மகன் கெட்டவன் என்று சொல்லிக்கொள்கிற அப்பன் தன்னைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நீ வாயைத் திறந்து கெடுத்தாய், நான் வாயை மூடிக் கெடுத்தேன். உனக்குப் பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் முன்னால் இன்னொருவனுக்காகப் பேசுகிற நேரம் வந்தால், அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல். அழகு படுத்தாதே, குறைக்காதே, நல்லதற்கென்றும் மாற்றாதே. நான் நல்லதற்கென்று மாற்றிய ஒரு சொல்தான் உன் கையில் போய்க் கத்தியாயிற்று. ஆயிரம் இங்கிலீஷ் சொல் தெரிந்திருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாவிட்டால் அது படிப்பில்லை, சுமை.

சன்னாசியிடம் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஈப்போவில் லேபர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தேன். இப்போது இருக்கிற லேபர் துரை வேறு ஆள். மனுவில் முதல் குற்றவாளியாக என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். தெரிந்தும் மறைத்தவன் என்று. இரண்டாவதாக உன் பெயர். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை விசாரணை. உன் கல்யாணத்துக்கு அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கிறது. உன்னையும் கூப்பிடுவார்கள். அவர்கள் கடிதம் கைக்கு வருவதற்கு முன்னால் அப்பா கடிதம் வரவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதுகில் குத்துகிற பழக்கம் எனக்கு வேண்டாம்.

கல்யாணம் நின்றுபோகலாம், வேலையும் போகலாம், எனக்குத் தெரியாமல் இல்லை.  அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று நீ கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் யாரைக் கட்டிக்கொள்கிறோம் என்று அவள் தெரிந்துகொண்டு கட்டட்டும். உன் மாமனாரும் நல்லவராக இருந்தால், தப்பை ஒப்புக்கொண்டு வந்தவனைத் தள்ளிவிட மாட்டார். தள்ளிவிட்டால் இங்கே வா. லயத்தில் அறை இருக்கிறது, பையைத் தூக்க எனக்கும் முன்போல முடியவில்லை. ஆனால் சன்னாசியின் பெயரை அழித்த கையோடு நீ தாலி கட்டுவதை நான் பந்தலில் உட்கார்ந்து பார்க்க மாட்டேன்.

லேபர் ஆபீசில் இருந்த குமாஸ்தா, விசாரணை அன்று உங்களுக்குத் துபாஷி வேண்டுமா, எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் இங்கிலீஷ் டி எழுத்துக்கு முன்னால் ஒன்றும் தெரியாத நொண்டி இங்கிலீஷ்தான், இருக்கட்டும். என் மகனைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னொருவன் வாய் வேண்டியதில்லை. முதலில் உன்னைத்தான் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றார்கள். நீ நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் நான் ஒரு வார்த்தையும் பேசாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அன்றுபோல மாற்றிச் சொன்னால், உன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நீ சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் திருத்துவேன். சன்னாசியும் வருகிறான். அவனுக்குப் புரியும்படி தமிழிலும் சொல்வேன்.